தொட்டில் போட இடம்

— படு.

— எங்க?

— இந்த நீல டேப்புக்குள்ள. தலை சுவத்துப் பக்கம். ம்… காலை மடக்கு. இன்னும். தெப்பெய், இன்னும் மடக்குப்பா, தொட்டில் உன்னாட்டம் நெட்டையா இருக்காது.

— சினாமி, ஞாயித்துக்கிழமை அதுவுமா கட்டின புருஷனைத் தொட்டிலாக்கிட்டியே.

— தொட்டில் பேசாது.

— தொட்டிலுக்கு முட்டி வலிக்குது.

— ஏழு மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு நிக்கறவகிட்ட முட்டி வலியைப் பத்திப் பேசாதே. அசையாம கிட. இப்ப ராத்திரின்னு வெச்சுக்க. பாப்பா அழுவுது. நீ அழு.

— தொட்டிலும் நானு, பாப்பாவும் நானா?

— அழுடான்னா.

— ங்ஙா.

— இது பாப்பாவா, பூனையா? சரி… நான் எழுந்துட்டேன். இப்படி வர்றேன்… இங்க திரும்பறேன்… குனியறேன்… ஐயோ, இடிக்குதே!

— எது இடிக்குது?

— வயிறு.

— அப்போ வயிறு இருக்காதேம்மா!

— …அட, ஆமால்ல.

— அம்மா தாயே…

— சிரிக்காதே. தொட்டில் சிரிச்சா பாப்பா கீழ விழுந்துடும்.

— சரி, சிரிக்கலை. ஒண்ணு கேக்கவா? நம்ம அறை ஆறு பாய் விரிக்கற அளவு அறை. தாராளமா இடம் கிடக்கு. நீ எதுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு ஒட்டி, என்னை இந்த ஓரத்துல கொண்டாந்து அடைச்சிருக்கே?

— கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி காயும், இஸ்திரிப் பலகை நிக்கும், உன் தூண்டில் பெட்டி கிடக்கும். அதெல்லாம் கணக்குல சேராது.

— தூண்டில் பெட்டியை எடுத்துடறேன்.

— கல்யாணம் ஆனதுலேர்ந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்கே.

— இந்தா, டிவிகிட்ட ஒரு சதுரம் ஒட்டியிருக்கியே, இது என்னது?

— அதுல கை காலை நீட்டாதே! அங்க எதுவும் வரக் கூடாது. தொட்டில் அதுலேர்ந்து தள்ளியே இருக்கணும்.

— டிவி என்ன கடிக்கவா போவுது?

— டிவியை விடுப்பா.

— ஜன்னல்னு வேற எழுதி இந்தப் பக்கம் ஒட்டி வெச்சிருக்கே. நம்ம ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு?

— மாசமா இருக்கறவளுக்கு மறதி இருக்கும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— ஜன்னலையே மறப்பாங்கன்னு சொல்லலையே.

— தொட்டில் ரொம்பப் பேசுது. மேல பாரு. உன் தலைக்கு நேரா என்ன இருக்கு?

— ஒண்ணுமில்ல. கூரை.

— நல்லது. தலைக்கு மேல அலமாரி, படம் எதுவும் கூடாது. ராத்திரில நிலம் ஆடிச்சுன்னா முதல்ல விழறது அதுதான். சரி, இடம் இதான். இனி எந்தத் தொட்டில்? அண்ணன் அவங்க வீட்டுத் தொட்டிலை எடுத்துக்கச் சொல்றான்.

— உங்கண்ணன் வீட்டுத் தொட்டிலா? அதுல ஒரு கம்பி போயி அவன் ஷூ கயிறு கட்டி வெச்சிருந்தான். நான் பாத்தேன். பெயின்ட் வேற செதில் செதிலா உரியுது. பல்லு முளைக்கறப்போ பாப்பா அதைத்தான் கடிக்கும்.

— அதுல வளந்த ரெண்டு பசங்களும் நல்லாத்தானே இருக்காங்க?

— பெரியவன் போன வாரம் சோப்பைத் தின்னான்.

— …சரி, அண்ணன் வீட்டுது வேண்டாம். கடைல பாத்தோமே, அந்த வலைத் தொட்டில்? மடக்கிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு இருந்துச்சே.

— ஊருக்குப் போனா போட்டுக்க நல்லாருக்கும். தினமும் படுக்கறதுக்கு அது சரிப்படாது, அடி மெத்தை கட்டித் தொங்கவிட்ட துணி மாதிரி குழியுது. எனக்கு அந்த வெள்ளைத் தொட்டில்தான் பிடிச்சிருக்கு.

— சக்கரம் வெச்சதா?

— ஆமா. சக்கரத்துக்குப் பூட்டு இருக்கு. பக்கவாட்டுக் கதவு ஒரே கையால இறங்குது. இடுப்பு உயரத்துல இருக்கறதால குனிய வேண்டாம். ஒரே ஆள் தள்ளிடலாம். இந்த அறைலேர்ந்து சமையக்கட்டுக்கு… ஒரே ஆளா…

— எனக்கு அந்தக் கதவு பிடிக்கலை. தூக்கக் கலக்கத்துல மாட்டிட்டோம்னு நினைச்சுக்குவோம். கொக்கி மாட்டியிருக்காது. பாப்பா எழுந்து நிக்க ஆரம்பிச்சா அதுலதான் சாயும்.

— 'டிக்'குனு சத்தம் வந்தா மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நான் கடைலயே போட்டுப் போட்டுப் பாத்தேன்.

— நல்லா பாத்தே. கடைப்பொண்ணு அழாத குறை. அதுக்கு முன்னாடி கம்பி இடுக்குல ஜூஸ் டின்னை வேற விட்டுப் பாத்தே.

— டின்னு உள்ள போச்சுன்னா பாப்பா உடம்பும் போயிடும், தலை மட்டும் மாட்டிக்கும். விளையாட்டா இது? மீன் ஐஸ்பெட்டி விக்கறவன் நான். மூடி, கொக்கி, இடுக்கு, இதையெல்லாம் பாக்கத்தான் எனக்குச் சம்பளம்.

— பாப்பா மீன் இல்லப்பா.

— மீனுக்கே அவ்வளவு பாக்கறேன்னா… என்னம்மா? ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே?

— ஒண்ணுமில்ல. நீ அப்படிச் சொன்னதும் என்னவோ அழுகை வந்துடுச்சு. மாசமா இருக்கேன்ல. நீ மேல சொல்லு.

— வெள்ளைல கீழ ஒரு அலமாரி வருது, டயப்பர் வெக்க. அதோட கதவையும் மறக்காம பூட்டணும், இல்லாட்டி பாப்பா காலை விட்டு அது வழியா கீழ நழுவிடும்னு போட்டிருந்தாங்க. ராத்திரி தனியா எழுந்து வர்றப்போ மறந்துடக் கூடாது.

— தனியாவா?

— அதாவது… நீ எழுந்தா நான் தூங்குவேன். நான் எழுந்தா நீ. அப்படி.

— ம். அம்மா என்னடான்னா தொட்டிலே எதுக்குங்கறாங்க. கீழ மெத்தையை விரிச்சு, நடுவுல போட்டுக்கிட்டுப் படுங்க, உன்னை அப்படித்தான் வளத்தேன்னு…

— ஐயோ வேண்டாம்! நான் தூங்கினா பொணம். உருண்டு மேல விழுந்துட்டா? நம்ம மெத்தை வேற அமுங்குது, பாப்பா மூஞ்சி புதைஞ்சிடும். அவளுக்குன்னு கெட்டி மெத்தை வேணும். தலகாணி கூடாது, பொம்மை கூடாது, மல்லாக்கத்தான் போடணும். உங்கம்மாகிட்டயும் சொல்லி வை.

— நீ உருளுவேதான். போன மாசம் உருண்டு போய் அலமாரிக் கதவுல முட்டிக்கிட்டு, யாரோ அடிச்சிட்டாங்கன்னு எழுந்து உக்காந்தே.

— அதைத்தான் சொல்றேன். ஆனா உருளறதுக்கு நான் இங்க இருந்தாத்தானே…

— என்ன?

— ம்? இல்ல… நான் சோபாவுல படுத்துக்குவேன்னு சொல்ல வந்தேன்.

— நம்மகிட்ட சோபா இல்ல.

— …வாங்கிக்கலாம்.

— வாங்கிக்கலாம் வாங்கிக்கலாம். இரு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். உன் பொண்ணு உதைக்கற உதைல ஒரு இடத்துல நிக்க முடியலை. நீ எந்திரிக்காதே, டேப் பிஞ்சிடும்.

— ஹலோ… மொரிஷிதா சான், வணக்கம். இல்லல்ல, தொந்தரவு ஒண்ணுமில்ல. மெல்லப் பேசறேனா? ஆமா, வீட்டுக்காரி பாத்ரூம்ல இருக்கா… படுத்திருக்கேன். தொட்டிலா… அது எங்க வீட்டு விஷயம், விடுங்க… இன்னும் சொல்லலைங்க. எப்படிச் சொல்றது? ஏப்ரல்லேர்ந்து கூஷிரோவுக்கு மாத்தல்னு மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னப்போ, 'சரிங்க'ன்னுட்டு வெளில வந்துட்டேன். வேற என்ன சொல்ல முடியும்? வயித்துல புள்ளை வந்ததும் மாத்தலும் வரும்னு நீங்கதானே சிரிச்சீங்க… ஆமா, தனியாத்தான். நம்ம தகமாத்சு எங்க இருக்கு, வடகோடில கூஷிரோ எங்க இருக்கு? அந்தப் பனிக்கும் குளிருக்குமா அவளை இழுத்துட்டுப் போறது? எல்லாரும் விட்டுட்டுத்தானே போறாங்க… நீங்க அங்க இருந்தப்போ சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போனீங்க, உங்களைச் சொல்லலை. கம்பெனி வீடு எப்படிங்க? உங்களுக்குக் குடுத்த அதே வீடா?… அவ்வளவு சின்னதா? போச்சு… என்னது, உங்க சம்சாரத்துக்கும் தெரியுமா? ஐயய்யோ! அவங்களும் சினாமியும் ஒண்ணா உதோன் நூடுல்ஸ் சாப்பிடப் போறவங்கங்க. தயவு பண்ணி வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் இன்னிக்கே எப்படியாவது… தண்ணி சத்தம் கேக்குது. வெச்சிடறேன்.

— யாரு போன்ல?

— ஆபீஸ்.

— ஞாயித்துக்கிழமையா?

— ஐஸ்பெட்டி ஒண்ணு திறக்க மாட்டேங்குதாம்.

— ஐயோ பாவம். திறக்காமலே வெச்சிருந்தா உள்ள இருக்கறது நாறிடுமே.

— …ம்.

— சீக்கிரம் திறந்துடச் சொல்லு. உனக்கு ஆரஞ்சு உரிச்சுத் தரவா? வாயைத் திற. தொட்டிலுக்கும் பசிக்கும்.

— சினாமி, ஒரு யோசனை. வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுத்துடலாம். அவங்களே கொண்டாந்து பூட்டிக் குடுப்பாங்க. பாப்பா வளந்ததும் அவங்களே வந்து கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீ ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொட வேண்டாம்.

— வாடகை வேண்டாம்.

— ஏன்? மாடி வீட்ல கூட வாடகைத் தொட்டில்தான்.

— திருப்பிக் குடுக்கறது கஷ்டம்.

— என்ன கஷ்டம்? ஒரு போன் போட்டா வண்டி வாசல்ல நிக்கும்.

— எல்லா ஊருக்கும் வராது.

— தகமாத்சுவுக்கு வராதா?

— …வேண்டாம்னா வேண்டாம். எனக்குச் சொந்தமா வேணும். கடைசில ஒண்ணு இருந்துச்சே, பழுப்பு மரத்துல, சின்னதா. நாலு பக்கமும் அசையாத கம்பி. பிரிச்சா தட்டையா ஒரு பெட்டில அடங்கிடும்னு கடைப்பொண்ணு சொன்னா.

— எதுக்குப் பிரிக்கணும்? போட்டா போட்ட இடத்துல கிடக்கப் போவுது. அதைப் பூட்ட ரெண்டு ஆள் வேணும்னும் அதே பொண்ணுதான் சொன்னா. ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் முறுக்கணும்.

— நாம ரெண்டு பேர் இருக்கோம். இருக்கோம்ல?

— பூட்டறது பெரிசில்லம்மா, அப்புறம் ஸ்க்ரூ தளரும். அப்பப்போ முறுக்கிப் பாக்கணும். அந்த வளைஞ்ச சாவி இருக்குல்ல, அதை… கையைக் கொண்டா இப்படி. வலப்பக்கம் திருப்பினா இறுக்கும். இடப்பக்கம் திருப்பினா தளரும். சொல்லு.

— வலம் இறுக்கும். இடம் தளரும். நான் எதுக்குக் கத்துக்கணும்? நீ முறுக்க மாட்டியா?

— தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே.

— தெப்பெய்.

— இல்லாட்டி உங்கம்மா இங்கயே வந்து தங்கிட்டாக் கூட நல்லதுதான். ஒரு ஸ்டேஷன் தள்ளித்தானே இருக்காங்க. ராத்திரில ஒத்தாசையா…

— எங்கம்மா இங்க வந்து தங்கினா நீ எங்க தங்குவே? காலைலேர்ந்து பாக்கறேன். ஒரே கை, ஒரே ஆள், தனியா எழுந்து, நீயே தெரிஞ்சு வெச்சுக்கோ… தொட்டில் எப்படி இருக்கணும்னு சொல்றியா, இல்ல நீ இல்லாத வீடு எப்படி இருக்கணும்னு சொல்றியா? பேசு. தொட்டில் இப்ப பேசலாம்.

— உனக்கு அதிர்ச்சி எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர்…

— இந்தா, உக்காந்துட்டேன். சுவத்துல சாஞ்சுக்கிட்டேன். ஆரஞ்சு தின்னுக்கிட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்? சொல்லு.

— கூஷிரோ.

— ம்.

— மாத்தல் வந்திருக்கு. ஏப்ரல்லேர்ந்து. எத்தனை வருஷம்னு தெரியாது. நான் மட்டும் போறேன்.

— நீ மட்டும்னு கம்பெனில சொன்னாங்களா?

— இல்ல… நான்தான் சொன்னேன். 'குடும்பம் எப்படிப்பா?'ன்னு மேனேஜர் கேட்டார். தனியாத்தான் போவேன்னுட்டேன்.

— என்னை ஒரு வார்த்தை கேக்காம.

— வேற வழி தெரியலை. உனக்கு இங்க ஆஸ்பத்திரி இருக்கு, அம்மா இருக்காங்க. பிரசவத்துக்கு ஓடி வந்துடுவேன். மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போவேன்…

— உங்கப்பா மாதிரி.

— அதைச் சொல்லாதே சினாமி.

— நீ சொன்னதுதானே? மாசம் ஒரு தடவை, அவரு வேலை பாத்த ஊர் செந்தாய்லேர்ந்து பொம்மையும் கையுமா வருவாரு. நீ உங்கம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு…

— 'இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாரு?'ன்னு கேட்டேன். எங்கம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அப்பா மட்டும் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

— அழறியா?

— தொட்டில் அழாது.

— அழலாம். பரவால்ல, அழு.

— அவ என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. நான் பாத்துப் பாத்து வாங்கின தொட்டில்ல நின்னு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பாத்து வீல்னு கத்துவா. அதான்… தொட்டிலாவது நல்லதா, பத்திரமா இருக்கட்டும்னு அலைஞ்சேன். நான் இல்லாதப்போ ராத்திரில அதுதானே அவளைப் பாத்துக்கணும்.

— முடிச்சிட்டியா?

— ம்.

— மூக்கைத் துடை. இப்ப நான் கேக்கறேன். பிரசவம் இங்கயே அம்மாகிட்ட ஆவட்டும். பாப்பாவுக்குக் கழுத்து நின்னதும், வெயில் காலத்துல நாங்க ரெண்டு பேரும் அங்க வந்து இறங்கினா, யாரு வேண்டாங்கப் போறா?

— உன் வேலை?

— பல் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து பேர் கூப்பிடற வேலைதானே? கூஷிரோக்காரங்களுக்கு மட்டும் பல்லு வலிக்காதா?

— குளிரு?

— அவளுக்கும் சட்டை மேல சட்டை போடுவோம். உனக்கும் போடுவோம்.

— சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வீடு… இப்பத்தான் மொரிஷிதா சான் சொன்னாரு. போன்ல அவருதான், ஐஸ்பெட்டி ஒண்ணும் இல்ல. படுக்க ஒரே ஒரு அறையாம்மா. நாலரைப் பாய். அதுலயும் குளிர் காயற மண்ணெண்ணெய் அடுப்பு ஒண்ணு அடைச்சுக்கிட்டு நிக்குமாம். அது இல்லாட்டி விறைச்சுப் போயிடுவோமாம். மெத்தையை விரிச்சா தொட்டில் போட இடம் இல்ல. தொட்டிலைப் போட்டா நாம நின்னுக்கிட்டுத்தான் தூங்கணும். நானும் மனசுக்குள்ள மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறேன். இடமே இல்லம்மா.

— இருக்கு.

— நீ என்னமோ போயிப் பாத்த மாதிரி…

— பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். மொரிஷிதா சான் சம்சாரம் வாயில ரகசியம் நிக்குமா? 'கூஷிரோவுக்குக் கம்பளி நிறைய எடுத்துக்க'ன்னு உதோன் கடைலயே சொல்லிட்டாங்க. நான் முழிச்ச முழியைப் பாத்துட்டு அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நீயா சொல்லுவேன்னு தினமும் பாத்தேன். நீ தொட்டில் படத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தே. அடிக்கலாம் போல இருந்துச்சு. அழுகையாவும் இருந்துச்சு. அப்புறம் அவங்களைப் போன்ல பிடிச்சு, அவங்க இருந்த அந்த அறையோட அளவைச் சொல்லச் சொல்லி, நேத்து நீ குளிக்கப் போனப்போ முட்டி போட்டு ஒட்டினேன். துணி காயற கோடுன்னேனே, அது சுவரு. டிவிகிட்ட இருக்கற சதுரம், அந்த அடுப்பு. ஜன்னலையும் நான் மறக்கலை, அது அந்த வீட்டு ஜன்னல்… எந்திரிக்காதே, எந்திரிக்காதேங்கறேன்ல? காலை மடக்கு. நீ காலைலேர்ந்து கூஷிரோலதான் படுத்திருக்கே. பழுப்புத் தொட்டில் கனகச்சிதமா உக்காருது, பாத்துட்டேன். இனி நம்ம மெத்தை பத்துமான்னுதான் பாக்கணும். கையை உள்ள எடு, நானும் வர்றேன்.